அந்துருண்டை வாசனைத் தேயிலை

சாவ்சோவ்,
மார்ச் 10, 1993

அன்புள்ள மச்சான் டெஹாய்க்கு,

சிபின் எழுதிக்கொள்வது. உறைமேல் என் கையெழுத்தைப் பார்த்த பிறகும் அடுப்பில் போடாமல் பிரித்ததற்கு முதல் நன்றி. இங்கே நானும் உன் தங்கை லியான்சியும் நலம். ஹார்பினில் நீயும் ஷூவென் தங்கச்சியும் நலமா? அங்கே மார்ச்சிலும் பனி விடாதாமே.

பக்கத்து வீட்டு ஷே பெரியவர் பொய்ப்பல் கட்டிக்கொண்டார். நான் கெண்டியை எடுக்கும் நேரத்துக்குத்தான் அவருக்கு இன்னமும் என்மேல் பாசம் பொங்குகிறது. நம் மூன்று கிண்ணத்தில் உன்னுடையதில்தான் குடிக்கிறார். பல் கிண்ணத்தில் இடிக்கிற சத்தம் சகிக்கவில்லை.

நீயும் நானும் லியான்சியுமாக உட்கார்ந்த அந்த மாலைகள் அடிக்கடி ஞாபகம் வருகின்றன. நான் வாத்தியார், நீங்கள் இருவரும் மாட்டிக்கொண்டவர்கள். லோங்ஜிங் பச்சைத் தேயிலைக்குக் கொதிக்கிற தண்ணீர் ஆகாது, வெந்து கசந்துவிடும் என்பேன். ஃபூடிங் வெள்ளைத் தேயிலையைச் சில வருடம் வைத்திருந்தால் காய்ச்சலுக்குக் கேட்கும் என்பேன். வட்டாக அழுத்திவைக்கும் யுன்னான் பூ-அர், என்னைப்போல வயதாக ஆகத்தான் ருசி என்பேன். "உங்களுக்கு வயசு மட்டும்தான் ஆகுது" என்பாள் லியான்சி. நம் ஃபெங்ஹுவாங் மலையிலோ மரத்துக்கு மரம் மணம் வேறு. அதில் உசத்தியான ஒன்றுக்கு, யாரும் கன்றைத் திருடக்கூடாதென்று 'வாத்துப் பீ வாசம்' என்று பேர் வைத்தானாம் ஒருவன். பேரைக் கேட்டு முகத்தைச் சுளித்த நீ, ஒரு வாய் குடித்ததும் "பேரு கெடக்குது, ஊத்துடா" என்றாய்.

தேயிலை பக்கத்திலிருக்கும் எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும், டப்பாவை எங்கே வைக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும் என்று ஊருக்கே பாடம் எடுத்தவனும் நான்தான்.

இரண்டு வருடத்துக்கு முன், கல்யாணமான கையோடு ஹார்பினிலிருந்து ஷூவெனைக் கூட்டிவந்தாய். நாங்கள் அப்போது ஒரே இலையில் ஏழாவது தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தோம். புது ஆள் வந்தால் பழைய இலையைக் கொட்டிப் புது இலை போடவேண்டும், போடாவிட்டால் எழுந்து போ என்று அர்த்தம் என்பது நம் ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். நான் போடவில்லை. வெந்நீருக்குப் பங்காளியான எட்டாவது தண்ணீரை அவளுக்கு ஊற்றினேன். மல்லிகைத் தேநீரைப் பெரிய குவளையில் குடித்து வளர்ந்த வடக்கத்திப் பெண், சூது தெரியாமல் "லேசா, நல்லா இருக்குண்ணே" என்றாள். நீ கிண்ணத்தைத் தொடவில்லை. "எந்திரி, போவோம். வீட்டுக்காரருக்கு வேலை இருக்காம்" என்று அவளை அழைத்துப்போனவன், அதற்குப் பிறகு ஒரு வரிகூட எழுதவில்லை.

மச்சான், அன்றைக்கு நான் உள்ளே போய் வந்தேனே, கவனித்தாயா? அவளுக்கென்றே எடுத்துவைத்த வாத்துப் பீ டப்பாவை எடுக்கத்தான் போனேன். ஷே கண்ணில் படக்கூடாதென்று கம்பளிப் பெட்டிக்குள் ஒளித்திருந்தேன். மூடியைத் திறந்ததும் குப்பென்று அந்துருண்டை வாசனை. வீட்டில் வேறு இலையும் இல்லை. கடைசிச் சிட்டிகை கெண்டியில் இருந்தது. டப்பாவை மூடி, வாயையும் மூடிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். முரடன் என்று பேர் வாங்கினாலும் பரவாயில்லை, முட்டாள் என்று வாங்கக்கூடாது என்று தோன்றியது. பார், எவ்வளவு பெரிய அறிவாளி.

போன வாரம் லியான்சி பெட்டியைக் குடைந்தபோது டப்பா அகப்பட்டது. எல்லாம் சொன்னேன். "எங்கண்ணன் ரெண்டு வருஷமா வாசப்படி மிதிக்காததுக்கு நாலு அந்துருண்டையா காரணம்? அண்ணி வடக்கத்திக்காரின்னுதான் நீங்க ஒதுக்கிட்டீங்கன்னு நானும் நம்பிட்டேனே" என்றாள். அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. போன இரண்டு சிங்மிங் நீத்தார் நாளிலும் உங்கள் அப்பா அம்மா கல்லறையை அவள் தனியாகத்தான் பெருக்கினாள். துணைக்கு வருகிறேன் என்றபோதும் வேண்டாமென்றுவிட்டாள்.

அடுத்த மாதம் மறுபடி சிங்மிங். மலையில் கொழுந்தும் தயாராகிவிடும். இரண்டு பேரும் வாருங்கள். இந்தக் கடிதத்தை ஷூவெனுக்கு வாசித்துக் காட்டு, வயிறு வலிக்கச் சிரிக்கட்டும். புது இலையைப் பார்சலில் அனுப்பிவிடலாம்தான். ஆனால் அவள் கண்ணெதிரே பழைய இலையைக் கொட்டி, கெண்டியைக் கழுவி, புதிதாகப் போடவேண்டும். அதைப் பார்சல் கட்ட எனக்குத் தெரியவில்லை.

உங்கள் இருவர் உடம்புக்கும் ஒரு குறையும் வராதிருக்கட்டும்.

உன் வரவை எதிர்பார்க்கும்,
வெங் சிபின்