செல்வியின் கணுக்காலில் உன் எண்ணெய்

பிள்ளைப்பாக்கம்,
ஐப்பசி, 1991

கொசு வம்சத்தையே நடுங்கவைத்த என் மகாராணியே, அக்கா,

இங்கே கொசுக்கள் எல்லாம் சௌக்கியம். நீ கண்ணை மூடினபிறகு ஒவ்வொன்றும் கோழிக்குஞ்சு அளவுக்கு வளர்ந்துவிட்டது. நேற்று ஒன்று என் வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரகடம் பக்கம் பறந்தது. நம்பமாட்டாய். நான் சொன்னதில் நீ எதைத்தான் நம்பினாய்?

உன் மகள் செல்விக்குக் கம்பெனியில் இரண்டாவது ஷிஃப்ட். பொழுது சாய்ந்தால் மேசைக்கு அடியில் கொசுவத்திச் சுருள் கொளுத்துகிறார்கள். அந்தப் புகை உன்னைப் படுத்தியதுபோலவே அவளையும் படுத்துகிறது. அதே இழுப்பு. மூச்சு வாங்குகிறவளை நிரந்தரம் பண்ணுவார்களா? மாதக் கடைசியில் சொல்கிறார்களாம்.

அதனால் உன் கொசு எண்ணெயை நானே காய்ச்சினேன். தேங்காயெண்ணெயில் நொச்சித் தழை, ஆறினபிறகு எலுமிச்சைப்புல் தைலம். சூட்டோடு ஊற்றினால் வாசனை ஓடிவிடும் என்று நீ கரண்டியால் தட்டிய இடம் இன்னும் வலிக்கிறது. மூடியைத் திறந்ததும் மூன்று ஜில்லாக் கொசுக்கள் வீட்டைக் காலி செய்தன.

ஆனால் செல்வி கொண்டுபோன பாட்டிலை சூப்பர்வைசர் பிடுங்கிக்கொண்டார். திங்கட்கிழமை வந்து, "உன் மாமா எண்ணெய் சுத்த டூப்பு. சனிக்கிழமை உச்சந்தலையிலேர்ந்து தேய்ச்சேன். சாயங்காலம் கொசு புடுங்கி எடுத்துச்சு" என்றாராம்.

"தேய்ச்சிட்டு இன்னா சார் பண்ணீங்க?" என்றாளாம் செல்வி.

"சீயக்காய் போட்டுக் குளிச்சேன். எண்ணெய்னா வேற இன்னா பண்ணுவாங்க?"

லைன் மொத்தமும் சிரித்ததாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை அக்கா. நீ கொடுத்த முதல் பாட்டிலை அப்படியே குளித்துத் தொலைத்துவிட்டு உன்னிடமே சண்டைக்கு வந்த மகாராஜா நான்தானே. உன் பங்கையும் எனக்குக் கொடுத்துவிட்டு நீ சுருள் கொளுத்திக்கொண்டாய். அந்த மழைக்காலம் பூராவும் இருமினாய். ஏன் அக்கா ஒரு வார்த்தை திட்டவில்லை?

மணிக்கொரு தரம் தடவணும் என்று செல்வி சொன்னதற்கு சூப்பர்வைசர், எண்ணெய்க் கையோடு பார்ட்ஸைத் தொடக்கூடாது, சுருள் பிடிக்கலைன்னா கேட் அந்தப் பக்கம் என்று கையைக் காட்டினாராம்.

உன் மகள் கேட் பக்கம் திரும்பவே இல்லை. நான் மறுபடி காய்ச்சிக் கொடுத்த எண்ணெயில் நனைத்த துணிக் கீற்றைக் கணுக்காலில் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். டீ மணி அடித்தால் மறுபடி நனைத்துக் கட்டிவிட்டுக் கையைக் கழுவிக்கொள்கிறாள். இன்று பக்கத்துப் பெண்கள் பதினொரு பேர் காலிலும் துணி. சுருளின்மேல் தண்ணீரை ஊற்றியது யார் என்று கேட்டால் எல்லோரும் கூரையைப் பார்க்கிறார்களாம்.

"அவரு கேட்டைத் தொறந்தே வெச்சிருந்தாலும் நான் இதை அவுக்கமாட்டேன் மாமா" என்றாள். உன் குரல். அப்படியே உன் குரல்.

மாதக் கடைசி வரட்டும். அவள் அந்த லைனில் உட்கார்ந்திருக்கும்வரை பாட்டில் காலியாகாது. அவளை வெளியே அனுப்பினால், உள்ளே இருக்கும் பதினொரு பேருக்கும் கேட் வாசலில் நின்று நானே ஊற்றுவேன். ஒரு சொட்டுகூட இனி என் தலைக்குப் போகாது.

இப்படிக்கு,
உன் எண்ணெயைக் குளித்துத் தீர்த்த தம்பி