பாரூரில் போட்ட ஊசி

மகள் ஹீனாவுக்கு,

அத்தா சொல்லச் சொல்ல உன் அண்ணி எழுதுகிறாள். காய்ச்சல் விட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். பயப்படாதே.

லீவில் ஓசூர் ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்கு வந்தாயே. வீட்டில் நாலு பேருக்கும் அங்கே ஒரே போன் நம்பரில் ஒரே பதிவு கிடக்கிறது என்று, எனக்குத் தனியாகப் போட, பழைய நோய் நொடியெல்லாம் கேட்டு உட்கார்ந்தாய். "தாசில்தார் மாதிரி குடையறியே! டாக்டருக்கும் படிக்கல, நர்ஸுக்கும் படிக்கல, ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டருக்கு ஒரு காலேஜா?" என்று கத்தினேன். ஆனாலும் முப்பத்தாறு வருஷத்துக்கு முன்னால் பாரூரில் பென்சிலின் ஊசி போட்டு மூச்சடைத்ததைச் சொல்லி வைத்தேன்.

போன வியாழக்கிழமை காய்ச்சலில் அதே ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தேன். இத்தனையும் மறக்காத எனக்கு வாயே எழவில்லை. கூட இருந்த உன் அண்ணனுக்கோ அந்தப் பாரூர் ஊசி விஷயம் தெரியாது. ஊசியை எடுத்த நர்ஸ் கம்ப்யூட்டரைப் பார்த்து, "இருங்க டாக்டர், பெரியவருக்குப் பென்சிலின் ஆகாதுன்னு சிவப்புல காட்டுது" என்றாளாம். மருந்தை மாற்றிவிட்டார்கள்.

ஜவளகிரி மாப்பிள்ளை வீட்டார் நேற்று உன் கல்யாணத்துக்குத் தேதி கேட்டு வந்தார்கள். "பொண்ணு படிப்பு முடிய ரெண்டு வருஷம் ஆவும், அப்புறம் பாக்கலாம்" என்று சொல்லி டீ கொடுத்து அனுப்பிவிட்டேன்.

போன மாதம் உன்னை, "படிச்சது போதும், பெட்டியக் கட்டு" என்றேனே, அதை மட்டும் எங்கேயும் பதிந்து வைக்காதே.

உன் அத்தா