மழைக்கு முன்னால் போடும் உரம்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான் நலம், மாடுகள் நலம், என் வலது முழங்கால் மட்டும் தனிக்கட்சி. நீயும் மருமகளும் எப்படி இருக்கிறீர்கள் என்று விவரமாகத் தெரிந்துகொள்ளத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், அதனால் "எல்லாம் ஓகேம்மா" என்று ஒற்றை வரியில் முடித்துவிடாதே. போனில் பேசும்போது உனக்கு நேரமில்லை என்பது குரலிலேயே தெரிந்துவிடுகிறது, நானும் சட்டென்று வைத்துவிடுகிறேன், பிறகு சொல்ல நினைத்ததையெல்லாம் அடுப்படியில் நின்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். காகிதம் என்றால் நீ குறுக்கே பேச முடியாது பார்.

நம் மேய்ச்சல் நிலத்தில் பெட்டி வைத்திருக்கிறார்கள் என்று முன்பே சொன்னேன், நீ "சரிம்மா" என்றாய், காதில் விழுந்ததோ என்னவோ, திரும்பச் சொல்கிறேன். ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஒரு பெண் வருகிறாள், நான் பெட்டிக்காரி என்றுதான் கூப்பிடுகிறேன், அவளும் கோபித்துக்கொள்வதில்லை. அடியில்லாத வெள்ளைப் பெட்டிகளைப் புல்லுக்குள் அழுத்தி வைத்து, மேலே மூடி போட்டு, கொஞ்ச நேரம் கழித்து மூடியிலுள்ள துளை வழியே சிரிஞ்சால் உள்ளே இருக்கும் காற்றை இழுத்துக் குப்பியில் அடைத்துக்கொண்டு போவாள். மண்ணுக்குக் காய்ச்சல் பார்க்கிறாயா என்று கேட்டேன். கிட்டத்தட்ட அப்படித்தாம்மா என்றாள். நாம் போடும் உரத்தைப் புல் முழுதாகத் தின்பதில்லையாம், மிச்சத்தை ஈர மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் தின்று ஒரு வாயுவாக வெளியே விடுகின்றனவாம், அது கரியமில வாயுவைவிடப் பல மடங்கு உலகத்தைச் சூடாக்குமாம். பல் டாக்டர் வலி தெரியாமல் இருக்கக் கொடுக்கும் சிரிப்பு வாயுவும் இதுவேதானாம். இத்தனை வருஷம் நம் நிலத்திலிருந்து சிரிப்பு கிளம்பிப் போய்க்கொண்டே இருந்திருக்கிறது, வீட்டுப் பக்கம் மட்டும் எட்டிப் பார்க்கவில்லை. உன் அப்பா இருந்திருந்தால், ஊர்ல இளிச்சவாய் யாருன்னு மண்ணுக்கே தெரிஞ்சிருக்கு என்று சொல்லியிருப்பார்.

அவர் பேச்சு வந்ததும் எழுத வந்த விஷயத்துக்கும் வந்துவிட்டேன். உனக்கு நினைவிருக்கும், மேகம் கறுத்தால் மற்ற வீடுகளில் கொடியில் காயும் துணியை எடுக்க ஓடுவார்கள், நம் வீட்டில் உரத்தை எடுக்க ஓடுவோம். மழை கரைத்து வேருக்குக் கொடுத்துவிடும் என்பது அவர் கணக்கு. நான் வாளியை நிரப்பிக்கொண்டு வேலிக் கதவருகே நிற்பேன், அவர் கைநிறைய அள்ளி வீசிக்கொண்டே வந்து காலி வாளியைக் கொடுத்துவிட்டு நிறைந்ததை வாங்கிக்கொண்டு போவார், கடைசியில் நனைந்துகொண்டும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டும் உள்ளே வருவோம். அதுதான் இருப்பதிலேயே மோசம் என்கிறாள் பெட்டிக்காரி. ஏற்கெனவே ஊறிக் கிடக்கும் மண்ணில் பெருமழைக்கு முன்னால் மொத்தமாகக் கொட்டினால் கொஞ்சம் வாயுவாகப் போகிறது, கொஞ்சம் வாய்க்காலோடு போகிறது. மழை ஓய்ந்து மண்ணில் தண்ணீர் வடிந்த பிறகு சிறுகச் சிறுகப் போட வேண்டுமாம், புல்லோடு பயறு இனத்துச் செடி ஒன்றைக் கலந்து விதைத்தால் அதன் வேரே உரத்தில் ஒரு பங்கைச் செய்துகொடுக்குமாம். போன பருவம் மேற்குப் பாதியில் அப்படிச் செய்தோம், கிழக்குப் பாதியை அப்பா வழியிலேயே விட்டோம், அங்கே வீசுவதும் நானே, வாளி சுமப்பதும் நானே. புல் இரண்டு பக்கமும் ஒன்றுபோல வந்திருக்கிறது, வாயு மேற்கில் நன்றாகக் குறைந்திருக்கிறது, மாடுகளும் நன்றி கெட்டவை, மேற்கிலேயே போய் நிற்கின்றன. இந்தப் பருவம் கிழக்கையும் மாற்றிவிடலாமாம்மா என்று கேட்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இதுல யோசிக்க என்ன இருக்கு என்று பால் வண்டிக்காரர்கூடக் கேட்டார். நானும் உன் அப்பாவும் சேர்ந்து செய்த வேலைகளில் அது ஒன்றுதான் பாக்கி இருக்கிறது, அதைப் பால் வண்டிக்காரரிடம் எப்படிச் சொல்வது.

போன வாரம் மேகம் திரண்டது. என் கை தானாக வாளியை நிரப்பியது, கால் தானாக வேலிக் கதவுக்குப் போனது. போய் நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன். வாளியை வாங்கிக்கொள்ள உன் அப்பா வருவார் என்று நிற்கிறேன் என்பது எனக்கே தெரியவில்லை. பெட்டிகளுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்து, யாருக்கும்மா காத்துக்கிட்டு நிக்கிறீங்க என்று கேட்டபோதுதான் உறைத்தது. அதற்குள் மழை வந்துவிட்டது. வாளியில் இருந்த உரம் வாளியிலேயே பாதி கரைந்துபோனது. அவள் என் கையிலிருந்து வாளியை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, என்னைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து டீ போட்டுக் கொடுத்தாள், என் வீட்டில் எனக்கே. கிழக்கையும் மாற்றிக்கொள் என்று அப்போதே சொல்லிவிட்டேன். உன் அப்பா பிடிவாதக்காரர்தான், ஆனால் நல்லது என்று கண்ணால் பார்த்தால் மாறிக்கொள்வார், அது உனக்கும் தெரியும்.

முடிவு சரிதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதற்குப் பிறகு இரண்டு முறை மழை பெய்துவிட்டது, எனக்கு ஒரு வேலையும் இல்லை. ஜன்னலருகே உட்கார்ந்து கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கிறேன். பருவம் முடிந்ததும் பெட்டிகளைப் பிடுங்கிக்கொண்டு அவளும் போய்விடுவாள். தனியாக இருக்கிறேன் என்று இதுவரை உன்னிடம் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன். உடனே மாடுகளை விற்றுவிட்டு வா என்று ஆரம்பிக்காதே, உன் பதினோராம் மாடியில் நான் எதை மேய்ப்பேன்.

காலையில் வெறும் வயிற்றோடு ஓடாதே. மருமகளிடம் குரலை உயர்த்தாதே, அது உன் அப்பாவிடமிருந்து வந்த வியாதி. இருவரும் மனமொத்து, நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், அம்மாவின் ஆசி எப்போதும் உண்டு. ஒன்றை மட்டும் மறக்காதே. இங்கே மழை பெய்வது அங்கே உன் போனிலேயே தெரியும் என்று பெட்டிக்காரி காட்டினாள். அப்படித் தெரியும்போது கூப்பிடு. முன்பெல்லாம் மழை நேரத்தில் கூப்பிட்டால் மணி அடித்து ஓய்ந்துபோகும், நாங்கள் இருவரும் வெளியே இருப்போம். இனிமேல் நான் உள்ளேதான் இருப்பேன்.

இப்படிக்கு,
உன் அம்மா