ஒரு கவளத்துக்குப் பின்

நலம் சூழ்க. நீர் வற்றாத ஏரிகளும் பூட்டறியாத நெற்களஞ்சியங்களும் உடைய பொழில்வள நாட்டைத் தம் குடைக்கீழ்க் காக்கும் கோமகனார், முனைப்போரில் புறங்காட்டாத மார்பினர், மேற்கெல்லைக் கோட்டையில் வீற்றிருக்கும் அடல்வேழ தேவரின் திருமுன்னுக்கு, தலைநகர் நெடும்பொழிலில் அரச முத்திரையைக் காத்து அமர்ந்திருக்கும் பட்டத்தரசி வாகைநங்கை விடுக்கும் ஓலை. தேவரீர் வாளும் வாழ்நாளும் வளர்க. தேவரீர் கட்டுவிக்கும் மதிலுக்கும், அம்மதிலுக்குக் கல் சுமக்கும் தோள்களுக்கும் நலம் உண்டாகுக. இங்கே மழை பிழைக்கவில்லை, குடிகள் நலம், பட்டத்து யானை மட்டும் தேவரீரைக் காணாமல் பாகனிடம் முறுக்கிக்கொண்டு நிற்கிறது.

தேவரீரின் ஓலை வந்தது. அதனோடு, கைகள் கட்டப்பட்டு முன்னுண்பான் பூதனும் வந்தான். அரசர் இலையில் இட்டதை அரசருக்கு முன்னர் ஒரு கவளம் உண்டு, அதில் நஞ்சில்லை என்று தன் உயிரைக் கொண்டே உறுதி சொல்லும் பணி அவனுடையது. தேவரீரின் கால்விரலில் வந்த புண் ஆறாமையாலும், பார்வை மங்கியமையாலும், எத்தனை குடம் நீர் பருகினும் தாகம் தணியாமையாலும், உணவில் யாரோ நஞ்சிட்டனர் என்று தேவரீர் துணிந்திருப்பதாக ஓலையில் கண்டோம். அதைக் கண்டுரைக்கத் தவறிய பூதனின் நாக்கை அறுத்து நாடு கடத்துக என்பதும், அவ்வுணவை விற்ற கோட்டைவாசல் பொரிகடைக்காரன் சேந்தியின் கடையைக் கொளுத்துக என்பதும் தேவரீரின் விருப்பமாக எழுதப்பட்டிருந்தன. தண்டம் எதுவாயினும் முத்திரை விழாமல் செல்லாது. முத்திரை நம்மிடம் உள்ளது. ஆதலின் வழக்கை அவையில் வைத்து விசாரித்தோம்.

தலைமை மருத்துவர் காரிநாகனார் பூதனின் நாடியைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், உள்ளங்காலையும் திருப்பிப் பார்த்தார். தேவரீர் உண்ட ஒவ்வொன்றையும் தேவரீருக்கு முன்னரே உண்டவன் உடலில் நோயின் சாயலும் இல்லை என்றும், நஞ்சாயின் முதலில் விழ வேண்டியவன் இவனன்றோ என்றும் உரைத்தார். பிறகு நோயின் குறிகளைத் தேவரீரின் ஓலையிலிருந்தே படிக்கக் கேட்டார். வந்திருப்பது நீரிழிவு என்றும், நாவின் இச்சையை அடக்கி, வைத்தியர் கண்ணெதிரே இராவிடில் விரலில் தொடங்கிய புண் காலைக் கேட்கும், காலோடும் நிற்காது என்றும் பின்னர் சொன்னார். தேவரீர் சினம் கொள்ள வேண்டா. பாசறையில் எல்லோரும் அறிந்து, தேவரீரிடம் மட்டும் சொல்லத் துணியாத செய்தி இதுவே என்று அறிகிறோம்.

அக்கோட்டைவாசலில் விற்பது யாது என்று பூதனை வினவினோம். காய்ந்த எண்ணெயில் பொரித்தெடுத்த இறைச்சியும், உப்பும் மிளகும் தூவிய மாவுருண்டையும், வெல்லப்பாகில் தோய்த்த நெய்யப்பமும் என்றான். கேட்ட நொடியில் கையில் கிடைப்பதால் வீரர்கள் அதற்கு நொடிச்சோறு என்று பெயரிட்டுள்ளனராம். குதிரை மேலிருந்தே உண்ணலாம். இலை வேண்டா, உட்கார வேண்டா, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவும் வேண்டா. தேவரீர் அதை முதலில் ஒருநாள் விளையாட்டாய் வாங்கி, பின்னர் மறுநாளும் வாங்கி, அதன் பின்னர் உடன்வந்த அரண்மனைச் சமையற்காரர் ஆக்கிய சோற்றைத் திருப்பி அனுப்பத் தொடங்கினீர் என்றும் அவன் வாயிலாக அறிந்தோம்.

அமைச்சர்கள் இரு பக்கமாய்ப் பிரிந்தனர். கெடுப்பது எதுவாயினும் அது நஞ்சே என்றும், அதைச் சொல்லாத நாவு இருந்தும் பயனில்லை என்றும் மூத்த அமைச்சர் வாதிட்டார். விற்றவனே குற்றவாளி என்றார் மற்றவர். அவர் பேசும்போது மடியிலிருந்த முறுக்கு அவையில் உதிர்ந்ததை நாம் கண்டும் காணாததுபோல் இருந்தோம். இறுதியில் பூதனைப் பேசப் பணித்தோம். நாக்குக்கே கேடு வந்து நிற்கையிலும் அவன் நடுங்காமல் விண்ணப்பித்த சொற்களை உள்ளபடியே எழுதுகிறோம்: "நான் உண்பது ஒரு கவளம். அந்தக் கவளத்தில் நஞ்சில்லை. இன்றும் அதையே சொல்வேன். அதற்குப் பின் எத்தனை கவளம் என்பது என் நாக்கைக் கேட்டு நடப்பதில்லை, தாயே. அது உண்பவர் கை."

அவன் சொன்னதில் நாம் பிழை காணவில்லை.

எனினும் ஐயம் ஒன்று எஞ்சியிருந்தது. முன்னுண்பான் உண்டபின் நாழிகை வட்டிலை நீரில் மிதக்கவிட்டு, அடித்துளை வழியே நீரேறி அது மூழ்கும்வரை அரசர் இலையில் கை வையாமல் காத்திருப்பது இந்நாட்டு மரபன்றோ? காத்திருக்கும் உணவு நொடிச்சோறு ஆவதெப்படி என்று கேட்டோம். அவ்வழக்கத்தைத் தேவரீரே நிறுத்திவிட்டீர் என்று பூதன் தலைகுனிந்தான். வட்டில் எங்கே என்றோம். அதன் துளையை மெழுகால் அடைத்து, நெய்யப்பம் தோய்க்கும் வெல்லப்பாகை அதில்தான் ஊற்றி வைத்திருக்கிறார்கள் என்றான். அவையோர் சிரிப்பை அடக்கினர். நமக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏன் நிறுத்தினார் என்று கேட்டோம். அவன், தேவரீர் பாசறையில் இலை முன் அமர்ந்த முதல் நாட்களில், வட்டில் மூழ்குவதைப் பார்த்தபடி இருந்து, ஒருநாள் அதைக் காலால் தள்ளிவிட்டுச் சொன்னதை அப்படியே சொன்னான்: "காத்திருந்து பேச இங்கே யார் இருக்கிறார்கள்?"

அவையைக் கலைத்துவிட்டோம். இனி இவ்விடத்தில் எழுதுவது நாம் அல்ல, நான்.

பெருமானே, நாள் முழுதும் ஆட்சி நம் இருவரையும் ஆள, நமக்கென்று மிஞ்சியது அந்த ஒரு நாழிகைதான். சோறு ஆவி பறக்க இலையில் இருக்கும். பூதன் தூண் அருகே தன் வயிற்றைத் தானே கவனித்துக்கொண்டு நிற்பான். தங்களுக்குப் பசி, எனக்குப் பேச்சு. தூதர் யாரும் அப்பொழுது உள்ளே வரக் கூடாது. குதிரைக் குட்டிக்குப் பெயர் வைத்ததும் அப்போதுதான், மகள் மணத்துக்கு நான் இசைந்ததும் அப்போதுதான், ஒருமுறை பேச்சு முற்றிச் சண்டையாகி இருவருமே உண்ணாமல் எழுந்ததும் அப்போதுதான். வட்டில் மூழ்கும்போது எழும் அந்தச் சிறு ஒலியை நான் எத்தனை முறை சபித்திருக்கிறேன் என்று தங்களுக்குத் தெரியாது.

தாங்கள் சென்ற நாள்முதல் எனக்கு இங்கே வேறொரு முன்னுண்பாள் இருக்கிறாள். அவள் உண்டபின் நான் வட்டிலை மிதக்கவிடுகிறேன். எதிரே தங்கள் மணையும் போடப்படுகிறது. பணிப்பெண்கள் தமக்குள் சிரித்துக்கொள்கிறார்கள், சிரிக்கட்டும். அந்த நாழிகையில் நான் தங்களிடம் சொல்ல வேண்டியவற்றைச் சொல்லிப் பார்க்கிறேன், பதிலையும் நானே சொல்லிக்கொள்கிறேன். ஆறிய சோறுதான் உண்கிறேன். பழகிவிட்டது.

தனிமைதான் தங்களை அந்தக் கடைவாசலுக்குக் கொண்டுபோய் விட்டது என்று கேட்டபின் தங்களோடு சேர்ந்து அழவும் எனக்கு மனம் உண்டு. ஆனால் தனிமை தங்கள் வாயில் அப்பத்தை ஊட்டவில்லை. பூதன் ஊட்டவில்லை, சேந்தி ஊட்டவில்லை, பகைவனும் ஊட்டவில்லை. இந்த நாட்டில் தங்கள் கையைப் பிடித்து நிறுத்தும் துணிவு யாருக்கும் இல்லை. எனக்கு உண்டு, ஆனால் என் கை அவ்வளவு தூரம் எட்டவில்லை. எட்டியிருந்தால் அப்பத்தைப் பிடுங்கியிருப்பேன், அதைத் தாங்களும் அறிவீர்கள்.

நானே அங்கு வரலாம் என்றால், முத்திரை தலைநகர் எல்லையைத் தாண்டக் கூடாது, முத்திரையைக் காப்பவரும் தாண்டக் கூடாது. அந்தச் சட்டத்தை எழுதியவர் தங்கள் பாட்டனார். அவரை நான் நினைக்காத நாளில்லை, நல்லவிதமாக அல்ல.

போர் முடிந்து இரண்டு அறுவடை கண்டுவிட்டோம். மதிலைப் படைத்தலைவர் பார்த்துக்கொள்ளமாட்டாரா? உடல் தளர்ந்து, ஆடை இறுகி, கால் கட்டோடு வருவதை நான் பார்க்க வேண்டாம் என்று எண்ணுகிறீர்களோ என்றும் தோன்றுகிறது. அப்படியாயின் என்னைத் தாங்கள் இன்னும் சரியாக அறியவில்லை. எனக்கும் உடல் பருத்துவிட்டது, எனக்கும் கண் மங்குகிறது. தூரத்திலிருந்து வரும் பல்லக்கை அடையாளம் காணுமளவுக்கு மட்டும் பார்வை மிச்சமிருக்கிறது.

இனி மீண்டும் நாம்.

முன்னுண்பான் பூதன் குற்றமற்றவன் என்று தீர்ப்பளித்தோம். கட்டவிழ்த்து, புத்தாடை தந்து, அவனை அரண்மனைப் பணியிலேயே நிறுத்தினோம். சேந்தியின் கடை கொளுத்தப்படாது. ஒருநாள் காய்ந்த எண்ணெயை மறுநாள் அடுப்பேற்றலாகாது என்று நாடெங்கும் பறையறையச் செய்தோம். அது அரசின் கடமை. அதற்கு மேல், எதை உண்பது, எவ்வளவில் எழுவது என்பதில் ஒவ்வொருவர் கையும் அவரவர்க்கே பொறுப்பு. வேந்தர் கையும் அவ்வாறே.

இத்தீர்ப்பு பிழையென்று தேவரீர் கருதின், அதை மாற்றும் உரிமை தேவரீருக்கு உண்டு. ஆனால் புறப்பட்ட நாளில், தாம் நேரில் வந்து நம் கையிலிருந்து திரும்பப் பெறும்வரை முத்திரையின் சொல்லைத் தம் ஓலையும் மீறாது என்று அவையறிய உரைத்தவர் தேவரீரே. ஆதலின் பூதனின் நாக்கு வேண்டுமாயின் முத்திரையை வாங்க இங்கே எழுந்தருள வேண்டும். குதிரை ஆகாது, பல்லக்கும் மருத்துவரும் இவ்வோலையோடு வருகின்றனர். அன்பினால் வர இயலாதெனில் சினத்தினாலேனும் வருக. பாசறையிலுள்ள நாழிகை வட்டிலை வெந்நீரில் கழுவி, அடைத்த மெழுகைப் பெயர்த்துத் தம்மோடு கொண்டுவருக.

பட்டத்தரசி வாகைநங்கை கையெழுத்து. அரக்கு உருக்கி, அரச முத்திரை இட்டு, அவையோர் அறிய விடுத்தோம். திசைகள் தேவரீருக்கு வழிவிடுக.

இவ்வோலைக்கு மறுவோலை எழுத வேண்டா. மறுவோலையாகத் தாமே வருக.