உர டிரம்மில் ஒரு ஜோடி செருப்பு

ஏப்ரல் 6, ஞாயிறு

பிள்ளைகளின் அப்பாவுக்கு,

இங்கே மூவரும் நலம். அங்கே நீங்கள் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, நலமாக இருக்க வேண்டும்.

கையில் போன் இருக்கும்போது இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போனில் நீங்கள் "எல்லாரும் நல்லா இருக்கீங்களா, சரி, வெச்சுடறேன்" என்பதைத் தாண்டுவதில்லை. போன வாரம் மட்டும் ஒரு வரி கூடுதலாக வந்தது. கம்பெனியில் இன்னும் இரண்டு வருஷம் அங்கேயே இருக்கச் சொல்கிறார்கள், ஜூன் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும் என்றீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் லிஃப்டில் யாரோ மாட்டிக்கொண்டார்கள் என்று வைத்துவிட்டீர்கள். லிஃப்ட் மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டால் இதுதான். நான் பேச ஆரம்பிக்கிற நேரமாகப் பார்த்து அந்த ஊரில் யாராவது மாட்டிக்கொள்கிறார்கள். கடிதத்தைப் பாதியில் மடித்து வைத்தாலும் மீதி உள்ளேயே இருக்கும், எப்போதாவது படித்துத்தான் ஆக வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். பால்கனியில் தோட்டம் போட்டிருக்கிறோம். ஆரம்பித்து வைத்தவள் நம் வக்கீல், பெரியவள்தான். ஏழு வயது முடிந்துவிட்டது, வாதாடுவது மட்டும் குறையவே இல்லை. பள்ளிக்கூடத்தில் ஈரப் பஞ்சில் ஒரு பீன்ஸ் விதை வைத்துக் கொடுத்தனுப்பினார்கள். அது முளை விட்டதும் மண் கேட்டாள். வீடு முழுக்கத் தேடினாலும் ஒரு பிடி மண் இல்லை. எப்படி இருக்கும்? போன வருஷம் உங்கள் ரோஜாவுக்கு அடித்த பூச்சிமருந்தில் மீந்ததை ஜூஸ் பாட்டிலில் ஊற்றி வைத்தீர்கள். நம் சின்னவன் பட்டாணி அதில் ஒரு வாய் குடித்துவிட்டான். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்து அவன் பிழைத்து வந்த அன்றே, பதினாறு தொட்டிகளையும் நீங்களே மூன்று மாடி இறக்கிக் குப்பையில் கொட்டினீர்கள். அடுத்த மாதமே தூர ஊரில் வேலை வாங்கிக்கொண்டு கிளம்பினீர்கள். அதன் பிறகு பால்கனியில் நான் தைத்துக் கொடுக்கிற திரைச்சீலைகளுக்கான துணிக்கட்டுகளைத்தான் அடுக்கி வைத்திருந்தேன்.

இப்போது துணிக்கட்டுகள் உள்ளே வந்துவிட்டன. பழைய வாளிகளில் ஓட்டை போட்டு மண் நிரப்பியிருக்கிறோம். பீன்ஸ், தக்காளி, கொஞ்சம் கீரை. எனக்குத் தையல் தெரியும், செடியைப் பற்றி ஒன்றும் தெரியாது. காலையில் நான் தண்ணீர் ஊற்றினேன், மத்தியானம் வக்கீல் ஊற்றினாள், சாயங்காலம் பட்டாணி ஊற்றினான். ஒருவர் ஊற்றியது ஒருவருக்குத் தெரியாது. கீரை விதை அழுகிப் போனது. பீன்ஸ் விதைகளைப் பட்டாணி தினமும் தோண்டி எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் புதைத்தான். கேட்டால், "முளைச்சிடுச்சான்னு கேட்டேன், இன்னும் இல்லைன்னு சொல்லுச்சு" என்கிறான். வக்கீல் அவனுக்குத் தடை உத்தரவு போட்டிருக்கிறாள். மண்ணைத் தொடலாம், தோண்டக் கூடாது.

காய்கறித் தோல், காய்ந்த இலை, நான் வெட்டிப் போடும் பருத்தித் துணுக்குகள் எல்லாம் ஒரு பெயின்ட் டிரம்மில் அடுக்கடுக்காகப் போய் உரமாகிக்கொண்டிருக்கின்றன. முதல் வாரம் தோலாகவே போட்டு நாற்றம் கிளப்பிவிட்டேன். கீழ்வீட்டு அக்கா மேலே வந்து, எலி ஏதாவது செத்துக் கிடக்கிறதா என்று மரியாதையாகக் கேட்டார். அட்டைப் பெட்டியைக் கிழித்து நிறையப் போட்ட பிறகு அடங்கிவிட்டது.

கையெழுத்து விஷயத்தை அவசரப்பட்டு முடிவு செய்ய வேண்டாம். மூட்டு வலிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
பிள்ளைகளின் அம்மா


மே 11, ஞாயிறு

பிள்ளைகளின் அப்பாவுக்கு,

நலம். உங்கள் கடிதம் வந்தது. ஒன்பது வரி. எண்ணிப் பார்த்தேன். அதில் ஐந்து வரி, செடிக்கு எதையும் அடிக்காதே, எந்த மருந்தையும் வீட்டில் வைக்காதே என்று எனக்குப் புத்திமதி. கையெழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

படித்ததும் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. இப்போதும் முழுசாகப் போகவில்லை, அதனால் எழுதியே விடுகிறேன். பாட்டிலில் இருப்பது குடிக்கிற சாமானா, கொல்கிற சாமானா என்று பார்க்காமல் கண்ட இடத்தில் வைக்க நான் என்ன உங்களை மாதிரியா? கடையில் வாங்கிய மருந்து இந்த வீட்டில் ஒரு சொட்டு கிடையாது. எல்லாம் சமையலறைச் சாமான்தான். பச்சைப் பூச்சிக்குப் பூண்டும் மிளகாயும் அரைத்து, ஊற வைத்து, வடிகட்டித் தெளிக்கிறேன். இயற்கையானது, யாருக்கும் ஒன்றும் ஆகாது. நிம்மதியாக இருங்கள்.

புழுக்களைக் கையால்தான் பொறுக்குகிறோம். முதல் நாள் நான் பொறுக்கிய புழுவைப் பார்த்து, "அதுக்கு அம்மா இல்லையா" என்று பட்டாணி உட்கார்ந்து அழுதான். அவனுக்காக ஒரு தக்காளிச் செடியைப் புழுக்களுக்கே எழுதிக் கொடுத்துவிட்டோம். மற்ற செடிகளில் அகப்படுகிற புழுவை அவன் இலையோடு ஏந்திக்கொண்டு போய் அங்கே விடுகிறான். அந்தச் செடியில் இப்போது நரம்பு மட்டும்தான் மிச்சம். இன்னொரு வாளியில் தக்காளி என்று நினைத்து ஆறு வாரம் கண்ணும் கருத்துமாக வளர்த்தது வெறும் களை என்று தெரிந்துவிட்டது. இவ்வளவு பாசமாக வளர்த்த பிறகு பிடுங்க மனசு வரவில்லை. அது பாட்டுக்கு இருக்கிறது.

வக்கீல் இப்போது வீட்டுக்கே நீதிபதி ஆகிவிட்டாள். பல் தேய்க்கும்போது குழாய் ஓடினால் விசாரணை, ஆள் இல்லாத அறையில் விளக்கு எரிந்தால் விசாரணை. கடைக்குத் துணிப்பை இல்லாமல் கிளம்பினால் மாடிப்படியிலேயே திருப்பி அனுப்புகிறாள்.

வெயில் தாங்க முடியவில்லை. நான் இஸ்திரி போட உட்கார்ந்தால் இரண்டும் எதிரில் வந்து முகத்தை நீட்டி நிற்கின்றன. தண்ணீர் தெளிக்கும் பாட்டிலால் "மழை" பெய்ய வேண்டும். ஒன்று உடைந்தால் ஒன்று இருக்கட்டும் என்று நீங்கள் வாங்கி வைத்த நீல பாட்டில் ஜோடி இன்னும் உடையாமல் உழைக்கிறது.

போன வியாழக்கிழமை முதல் அறுவடை. பதினோரு பீன்ஸ். வக்கீல் நான்காகப் பங்கு போட்டாள். மூன்று பேருக்கு மூன்று மூன்று, ஒருவருக்கு இரண்டு. அப்பாதான் நேரில் ஆஜராகவில்லை, அதனால் அப்பாவுக்கு இரண்டு என்று தீர்ப்பு. பட்டாணி தன் பங்கிலிருந்து ஒன்றை எடுத்து உங்கள் பக்கம் வைத்தான். அந்த மூன்றும் ஃபிரிட்ஜில் சுருங்கிக்கொண்டிருக்கின்றன, யாரையும் தொட விடுவதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். உயரத்தில் வேலை செய்யும்போது பெல்ட்டை மறக்காதீர்கள்.

இப்படிக்கு,
பிள்ளைகளின் அம்மா


ஜூன் 15, ஞாயிறு

என் அன்பானவருக்கு,

இந்தக் கடிதத்தை இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். கிழித்தது டிரம்முக்குத்தான் போனது, வீணாகவில்லை. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பயப்படாமல் மேலே படியுங்கள்: பட்டாணி நன்றாக இருக்கிறான். நான் எழுதுகிற மேசைக்குக் கீழே உட்கார்ந்து பொத்தான்களைக் கொட்டி விளையாடிக்கொண்டிருக்கிறான்.

போன திங்கட்கிழமை மத்தியானம் நான் தைத்துக்கொண்டிருந்தேன். அவன் "நானே மழை போட்டுக்கறேன்" என்று நீல பாட்டிலை எடுத்தான். நானும் தலையை நிமிர்த்தாமல் சரி என்றேன். அது இஸ்திரித் தண்ணீர் பாட்டில் இல்லை. அதன் ஜோடி. காலையில் நான்தான் அதில் பூண்டு மிளகாய்ச் சாற்றை ஊற்றி, செடிக்கு அடித்துவிட்டு, கொண்டுவந்து இஸ்திரி மேசையிலேயே வைத்திருந்தேன். அவன் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே முகத்தில் அடித்துக்கொண்டான்.

அந்தச் சத்தத்தை நான் எழுத மாட்டேன். அவன் அலறல் கேட்டுக் கீழ்வீட்டு அக்காதான் ஓடிவந்து, அவனைத் தூக்கிக் குழாய்க்குக் கீழே பிடித்தார். கால் மணி நேரம் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தோம். பிறகு கண் டாக்டரிடம் ஓடினோம். கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லிச் சொட்டு மருந்து கொடுத்தார். இரண்டு நாளில் சிவப்பும் போய்விட்டது. என்ன பட்டது என்று டாக்டர் கேட்டபோது எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. நீங்களும் அன்று இப்படித்தான் ஒரு டாக்டர் முன்னால் நின்றீர்கள். அப்போது நான் உங்கள் முகத்தைப் பார்க்கக்கூட இல்லை.

மறுநாளிலிருந்து என் செருப்பைக் காணவில்லை. வாசலில் இல்லை, கட்டிலுக்குக் கீழே இல்லை. பட்டாணியைத் திட்டினேன், பாவம், அவன் திருதிருவென்று விழித்தான். குளியலறைச் செருப்பைப் போட்டுக்கொண்டே போய்த் திரைச்சீலை கொடுத்துவிட்டு வந்தேன். வெள்ளிக்கிழமை டிரம்மைக் கிளற உட்கார்ந்தபோது கம்பு எதிலோ தட்டியது. காய்ந்த இலைக்கு அடியில், முட்டை ஓட்டுக்கும் வெங்காயத் தோலுக்கும் நடுவில், என் செருப்பு இரண்டும் ஒழுங்காகப் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

அவ்வளவு ஒழுங்காக வைக்கிற கை இந்த வீட்டில் ஒன்றுதான். வக்கீலைக் கூப்பிட்டேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள். மிரட்டிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அப்பா வெச்ச பாட்டிலால தம்பிக்கு உடம்பு சரியில்லாமப் போச்சு, அப்பா வெளியூர் போயிட்டாரு. இப்ப நீ வெச்ச. நீயும் போயிடுவ. செருப்பு இல்லேன்னா எப்படிப் போவ?"

நான் அந்த டிரம்முக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, தப்புப் பண்ணினால் யாரும் வீட்டை விட்டுப் போக மாட்டார்கள், போகவும் தேவையில்லை என்றேன். நம் வக்கீல் விடுவாளா? "அப்போ அப்பா ஏன் போனாரு?" என்று கேட்டாள்.

வேலைக்கு என்று சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஒரு வருஷமாக எல்லாரிடமும் அப்படித்தான் சொல்லி வந்தேன், உங்களிடம் உள்பட. அந்தக் கேள்விக்கு முன்னால் பொய் வரவில்லை. நான்தான் அப்பாவைப் போகச் சொல்லிவிட்டேன், கோபத்தில் சொல்லிவிட்டேன் என்றேன்.

உங்களுக்கு ஞாபகம் இல்லாமலா இருக்கும். ஆஸ்பத்திரி வராந்தாவில், எனக்காகத் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தீர்கள். கையில் டம்ளரோடு நின்ற உங்களைப் பார்த்து, "நீங்க இருக்கிற வீட்ல என் பிள்ளை இருக்க மாட்டான்" என்றேன். என் பிள்ளை என்றேன், நம் பிள்ளை என்றுகூடச் சொல்லவில்லை. நீங்கள் டம்ளரை ஜன்னலில் வைத்துவிட்டுப் போனீர்கள். அதன் பிறகு ஒரு நாளாவது நான் அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்வேன் என்று பார்த்திருப்பீர்கள். நான் எடுத்துக்கொள்ளவில்லை. பெட்டி கட்டும்போதுகூட, உங்கள் சட்டைகளை மடித்துக் கொடுத்தேனே தவிர, வாயைத் திறக்கவில்லை. போன கடிதத்தில் வேறு, நான் என்ன உங்களை மாதிரியா என்று எழுதினேன். ஆமாம், நான் உங்களை மாதிரிதான். அச்சு அசல் உங்களை மாதிரிதான். பிள்ளைக்கு நல்லது என்று நினைத்துச் செய்துவிட்டு, பாட்டிலை மறந்து வைக்கிற ஆள்.

அன்று நான் சொன்னது தப்பு. அந்த வார்த்தையை இப்போது திரும்ப எடுத்துக்கொள்கிறேன். என்னை மன்னித்துவிடுங்கள்.

நான் போகச் சொன்ன கதையைக் கேட்டதும் வக்கீல் ரொம்ப நேரம் யோசித்தாள். பெரிய தீர்ப்பாக வரப் போகிறது என்று பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். "அப்போ வரச் சொல்லு" என்று சொல்லிவிட்டு எழுந்து விளையாடப் போய்விட்டாள்.

அதனால்தான் எழுதுகிறேன். கையெழுத்துப் போடாதீர்கள். இது என்ன லிஃப்ட் இல்லாத ஊரா? வேலை கிடைக்கிறபோது கிடைக்கட்டும், என் தையல் இருக்கிறது, நான் பார்த்துக்கொள்கிறேன். வாளிகளைத் தூக்க எனக்கு முதுகு ஒத்துழைப்பதில்லை. பச்சைப் பூச்சி திரும்ப வந்திருக்கிறது, இப்போது வெறும் தண்ணீரைப் பீய்ச்சித்தான் விரட்டுகிறோம். ரோஜா வைக்க ஓர் இடம் விட்டிருக்கிறேன், வெயில் நன்றாகப் படுகிற மூலை. உங்கள் பங்கு பீன்ஸ் மூன்றும் காய்ந்து சருகாகிவிட்டன. பட்டாணி தினமும் ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்துவிட்டு மூடுகிறான், முன்பு விதையைத் தோண்டிப் பார்த்த மாதிரி.

நீங்கள் எந்தக் குறையும் இல்லாமல் பத்திரமாக வந்து சேர வேண்டும்.

ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன். நீங்கள் வந்து வாசலில் கழற்றி விடுகிற செருப்பு மறுநாள் காலையில் அங்கே இருக்காது. தேடாதீர்கள்.

உங்கள்,
நான்