முதல் றிப்போட்டை நம்பாதே

முள்ளியவளை,
வைகாசி, வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் மேனுகாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மருமகன் தர்ஷனும் அங்கே சுகமாக இருக்க வற்றாப்பளை அம்மாளாச்சி துணை. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது, ஆனால் இந்தக் கடிதத்தில் ஒரு பொய்யும் எழுதுவதில்லை என்று முடிவெடுத்திருக்கிறேன், அதனால் அப்பா பாதி நலம், நான் அதைவிடக் குறைவு. தினமும் போனில் கதைக்கிறவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். நான் எடுத்தால் உன் மாமி போனைச் சத்தமாகப் போட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்து வெங்காயம் உரிக்கிறார், நான் ஒன்று சொன்னால் உனக்கு முன்னே அவர் உம் கொட்டுகிறார், எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. வட்ஸ்அப்பில் எழுதினாலும் முதலில் யார் திறந்து பார்க்கிறார்களோ. தகப்பனின் திவசத்துக்குப் புதுக்குடியிருப்புக்கு வந்த கஜேந்தினி ஞாயிற்றுக்கிழமை லண்டன் திரும்புகிறாள், அவளிடம் கொடுத்துவிடுகிறேன். நல்ல பிள்ளைதான், என்றாலும் உறையை ஒட்டிய இடத்தில் குறுக்கே கையெழுத்து வைத்திருக்கிறேன், கோடு விலகியிருந்தால் எனக்குச் சொல்.

அப்பாவின் கழுத்தில் வந்த கட்டி புற்றுநோய் வகை என்றும், ஏற்றுகிற மருந்துக்கு அது கரையும் என்றும் உனக்குத் தெரியும். ஏன் இன்னும் தொடங்கவில்லை என்று நீ கேட்கும்போதெல்லாம் டாக்டர் லீவு என்று சொன்னேனே, அது பொய். தொடங்க முன் வவுனியாவில் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், ஈரலைப் பிடிக்கிற ஹெப்படைட்டிஸ் பி கிருமி இல்லை என்று றிப்போட் வந்தது. எனக்கு நிம்மதி. டாக்டர் அம்மா அதோடு விட்டாரா, இல்லை. இன்னொரு சோதனை, அதில் ஏதோ பழைய அடையாளம் தெரிகிறது என்று மூன்றாவதாகக் கொழும்புக்கு அனுப்பினார், அங்கிருந்து கிருமி இருக்கிறது, ஆனால் மிகக் கொஞ்சம் என்று வந்தது. ஒரே மனுசன், ஒரே இரத்தம், ஒரு கடுதாசி இல்லை என்கிறது, மற்றது உண்டு என்கிறது, எதை நம்புவது? இரத்தப் போத்தல் மாறிப்போயிருக்கும் என்று நினைத்தேன். பிறகு இதெல்லாம் குளிசை விற்கிற வேலை என்று நினைத்தேன். அந்தக் கிருமிக்கென்று தினமும் விழுங்க டாக்டர் அம்மா கொடுத்த குளிசைப் பெட்டியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டேன். எட்டு நாள் அப்பா அதைப் போடவில்லை, மருந்து ஏற்றுவதும் அதனால்தான் பிந்தியது.

அதற்குப் பிறகு, கிருமி எங்கிருந்து வந்தது என்று என் புத்தி அப்பா மேல் திரும்பியது. சமாதான காலத்தில் இரண்டு வருடம் கட்டாரில் இருந்தாரே. யாரோடு தங்கினீர்கள், யார் சமைத்தது, வெள்ளிக்கிழமைகளில் எங்கே போனீர்கள், அங்கிருந்து அனுப்பிய படத்தில் உங்களுக்குப் பின்னால் நிற்கிற பெண் யார் என்று இருபது வருடம் கேட்காமல் விட்டதையெல்லாம் கேட்டேன். அது ஒரு கடை விளம்பரப் படமாம். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன், விளம்பரம்தான், என்றாலும் மனம் ஆறவில்லை. அவருடைய சாப்பாட்டுக் கோப்பையையும் தேத்தண்ணீர்ப் பேணியையும் புறம்பாக வைத்தேன், துவாயைத் தனியே காயப்போட்டேன். அந்த மனுசன் முதல் நாள் சிரித்தார், இரண்டாம் நாள் சத்தியம் செய்தார், ஒரு கிழமை போகத் தன் கோப்பையைத் தானே கழுவிக் குசினி வாசலில் கவிழ்த்து வைக்கத் தொடங்கினார்.

குளிசை போடவில்லை என்று தெரிந்ததும் டாக்டர் அம்மா என்னை உள்ளே கூப்பிட்டார். ஏசப்போகிறார் என்று பார்த்தால் கதிரையைக் காட்டி இருத்தி, "வாசல்ல செருப்பு இல்லையெண்டா வீட்டுக்குள்ள ஆள் இல்லையெண்டு நினைப்பியளோ அம்மா?" என்று கேட்டார். நான் நினைக்கமாட்டேன், பின்பக்கத்தால் போயும் பார்ப்பேன் என்றேன். முதல் சோதனை வாசலில் செருப்பைப் பார்க்கிற மாதிரித்தானாம். கிருமியின் மேல்தோல் இரத்தத்தில் மிதந்தால்தான் அது காட்டும், பழைய நோய் அடங்கி, கிருமி ஈரலுக்குள் ஒளிந்து கிடந்தால் இல்லை என்றே சொல்லுமாம். உடம்பு காவல் நிற்கும்வரை அது அசையாது. அப்பாவுக்கு ஏற்றப்போகிற மருந்து அந்தக் காவலைத்தான் குறைக்கும், அந்த நேரம் கிருமி எழும்பினால் ஈரல் போய் ஆளே போய்விடலாம், அதைத் தடுக்கத்தான் குளிசை என்றார். கோப்பையாலும் பேணியாலும் தொற்றாது, இரத்தத்தாலும் கணவன் மனைவி உறவாலும் பிரசவத்தில் தாயிடமிருந்து பிள்ளைக்கும்தான் தொற்றும் என்றார். பிறகு, "உங்களுக்கு எப்பவாவது செங்கமாரி வந்ததோ?" என்று கேட்டார். நான் யோசிக்காமலே இல்லை என்றேன்.

அதுவும் பொய், மகள். பத்தொன்பது வயதில், இடம்பெயர்ந்து திரிந்த நேரம், கண்ணும் நகமும் மஞ்சளாகி ஒரு மாதம் பாயோடு கிடந்தேன். என் அம்மா கீழ்காய்நெல்லியை ஆட்டுப்பாலில் அரைத்துத் தந்து, உப்பில்லாத சோறு போட்டு, மஞ்சள் மாறியதும் தலைக்கு வார்த்தார். எங்கள் பக்கத்தில் அப்படித்தானே, தலைக்கு வார்த்தால் செங்கமாரி போய்விட்டது, அதற்குப் பிறகு அந்தப் பேச்சே இல்லை. குமர்ப்பிள்ளைக்கு வந்தது என்று வெளியே தெரிந்தால் வருகிற சம்பந்தம் குழம்பும். "ஆர் கேட்டாலும் இல்லையெண்டு சொல்லு" என்றார் அம்மா. பெண் பார்க்க வந்தவர்களிடம் இல்லை என்றேன், உன்னைச் சுமந்த நேரம் கிளினிக் கார்டு நிரப்பிய நேர்ஸ் மிஸ்ஸியிடம் இல்லை என்றேன், அப்பாவிடம் அவர் கேட்காமலே மறைத்தேன். டாக்டர் அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு என் இரத்தத்தையும் எடுத்தார். நோய் வந்து போன அடையாளம் எனக்கும் இருக்கிறது. யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று இனி ஒருவராலும் சொல்ல முடியாது, தேடவும் வேண்டாம் என்றார். எனக்கு மனதுக்குள் தெரியும்.

உன் மூட்டு வாதத்துக்கு அடுத்த மாதம் ஊசி தொடங்கப்போகிறார்கள், உடம்பின் எதிர்ப்பைக் குறைக்கிற ஊசி என்று போன கிழமை சொன்னாய். எல்லாச் சோதனையும் சரி, ஹெப்படைட்டிஸும் இல்லை என்று சிரித்தாய். நீ என் வயிற்றில் பிறந்தவள், நீ பிறந்தபோது இங்கே குழந்தைகளுக்கு அந்தத் தடுப்பூசி இல்லை. எந்தச் சோதனை செய்தார்கள் என்று கேள். மேல்தோலை மட்டும் பார்த்தார்களா, பழைய அடையாளத்தையும் பார்த்தார்களா என்று கேள். அம்மாவுக்குச் செங்கமாரி வந்தது, அப்பாவுக்குள் கிருமி ஒளிந்திருந்தது என்று வெட்கப்படாமல் சொல். லண்டன் டாக்டர் என்றதற்காக வாய்வார்த்தையை நம்பாதே, கடுதாசியில் வாங்கிக் கண்ணால் பார். உனக்கு ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம், அதைத்தான் கும்பிடுகிறேன், ஆனால் அதைத் தெரிந்துகொண்டு ஊசியைப் போடு. மாமி அறிந்தால் அறியட்டும்.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதை எழுதத்தான் கை கூசுகிறது. அப்பா இப்போது குளிசையை ஒழுங்காகப் போடுகிறார், வருகிற புதன்கிழமை மருந்து ஏற்றுகிறார்கள். முந்தநாள் பயிற்றங்காய்க்குத் தண்ணீர் விட்டுவிட்டு வந்தவர், கதிரையில் இருக்காமல் என் முன்னால் நிலத்தில் குந்தினார். "கட்டாரில ஒரே பிளேட்டால எல்லாருக்கும் சவரம் எடுக்கிற கடைக்குப் போறனாங்கள், அதாலதான் வந்திருக்கும், நான்தான் கொண்டந்தனான், என்னை மன்னிச்சுக்கொள் இராசேஸ்" என்றார். என்னுடைய றிப்போட் அப்போது என் கைப்பைக்குள் இருந்தது. நான் கேட்ட கேள்விகளுக்குப் பதில் கிடைக்காமல் அந்த மனுசன் தானே ஒரு குற்றத்தைத் தேடி எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறார். அவர் கையைப் பிடித்து உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நான் சரி, விடுங்கோ என்றேன். மகள், நான் அவரை மன்னித்தேன்.

புதன்கிழமைக்கு முன் சொல்லிவிடுவது என்று நேர்ந்திருக்கிறேன். அம்மாளாச்சி உன் ஈரலையும் மூட்டையும் காத்து, நீயும் மருமகனும் நோய் நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். இரண்டாவது சோதனையை மறந்துவிடாதே. வியாழக்கிழமை போன் எடுத்து, அம்மா எல்லாவற்றையும் சொன்னாவா என்று அப்பாவிடம் கேள். என்னிடம் கேட்காதே, நான் ஓம் என்றுதான் சொல்லுவேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
சி. இராசேஸ்வரி