உமரி பூத்த வெள்ளிக்கிழமை

அடையாறு
2-8-1975

சௌ. நீரஜாவுக்கு ஆசீர்வாதம். இங்கு க்ஷேமம்.

மூன்று நாள் யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். உமரிச் செடியின் தொட்டியைத் தெற்கு ஜன்னலிலிருந்து மேற்கு ஜன்னலுக்கு மாற்றிவிட்டேன். உன்னைக் கேட்காமல் செய்ததாக இருக்கக் கூடாது என்று எழுதுகிறேன்.

உப்பங்கழிச் செடி, நல்ல தண்ணீரில் செழிக்காது. தினமும் காலையில் முகத்துவாரம் போய் இரண்டு வாளி உப்புத் தண்ணீர் கொண்டுவருகிறேன். செடி உப்பைப் பழைய இலைகளில் சேர்த்துவைக்கிறது. அவை சிவந்து உதிர்கின்றன. புகார் கிடையாது. இதைப் பற்றிய என் கட்டுரைக்கு இனி பூவின் படம் மட்டும்தான் பாக்கி.

உன் உடம்பு தேவலையா? குழந்தை தங்காதது யார் குற்றமும் இல்லை என்று டாக்டர் சொன்னதை நினைத்துக்கொள்.

ஸ்ரீனிவாசராகவன்

மயிலாப்பூர்
6-8-1975

நமஸ்காரம். தொட்டி மேற்கே போனதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

உடம்பு தேவலை. தெருக்குழாயிலிருந்து நம் மாடிக்கு முப்பத்தாறு படி. ஐந்தாம் மாதம்வரை தினம் நான்கு குடம் ஏற்றினேன். பின்னாலேயே நீங்கள் வாளிகளோடு வருவீர்கள். "ஒதுங்கிக்கோ, சிந்திடப் போறது" என்பீர்கள். டாக்டரிடம் இதை யாரும் சொல்லவில்லை. ஆகவே யார் குற்றமும் இல்லை.

ஆடி முடிகிறது. ஆவணி முதல் வெள்ளி, 22ஆம் தேதி, நேரில் வந்து அழைத்தால் வருகிறேன். "மாப்பிள்ளை வந்து கூப்பிடாம பொண்ணை அனுப்பற வழக்கம் நம்மாத்துல இல்லை" என்கிறார் அப்பா. எனக்கு வழக்கம் பெரிதில்லை. நீங்கள் வருகிறீர்களா என்று பார்க்க வேண்டும். வராவிட்டால், திருச்சிப் பள்ளிக்கூடத்தில் கிடைத்திருக்கும் வேலைக்குச் சரியென்று எழுதிவிடுவேன்.

நீரஜா

அடையாறு
24-8-1975

ஆசீர்வாதம். வெள்ளியன்று வேஷ்டி மாற்றிக்கொண்டு கிளம்பும்போது செடியில் பூ. கடுகைவிடச் சிறிது. பச்சை நிறம், இதழ் இல்லை, வாசனை இல்லை, லென்ஸ் வைத்தால்தான் பூவென்றே தெரியும். வரைந்து முடிக்கச் சாயங்காலமாகிவிட்டது. மறுநாள் சனிக்கிழமை, ஆகாது. இன்று மயிலாப்பூர் வந்தேன். வீடு பூட்டியிருந்தது.

பக்கத்து வீட்டு தேவானை அம்மாள், "அப்பாவும் பொண்ணுமா நேத்தே ரயில் ஏறிட்டாங்க நைனா. வெள்ளிக்கிழமை பூரா அது வாசல்லயே நின்னுக்கினு இருந்துச்சு" என்றாள்.

உமரி வருஷா வருஷம் பூக்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல. படம் நன்றாக வந்திருக்கிறது. காட்டுவதற்கு வீட்டில் ஆள் இல்லை.

ஸ்ரீனிவாசராகவன்

திருச்சி
3-9-1975

வேலையில் சேர்ந்துவிட்டேன். இங்கே ரேஷன் கார்டு வாங்க, அங்கே என் பெயரை நீக்கிய சீட்டு வேண்டுமாம். வாங்கி அனுப்பவும்.

நீரஜா

அடையாறு
15-9-1975

சீட்டு இத்துடன் இருக்கிறது. ரேஷன் ஆபீஸ் குமாஸ்தா, "பேரை அடிக்கணும்னா காரணம் இன்னா சார், அம்மா தவறிட்டாங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்போ திரும்பி வருவாங்களா?" என்றார். பின்னால் வரிசை நீளமாக இருந்தது. 'நிரந்தர இடமாற்றம்' என்று அவரே எழுதிக்கொண்டார்.

இந்த மாதத்திலிருந்து சர்க்கரை ஓர் ஆளுக்கு.

ஸ்ரீனிவாசராகவன்